முப்பத்தொரு சாவிகள்

முதல் டேப்பில் சாவி இருந்தது. பிள்ளைகளின் விரல் பிசுக்காக இருக்கும் என்று தங்கபுஷ்பம் மஞ்சள் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தாள். பிசுக்கு இல்லை. திரையின் மேல் ஓரத்தில், பேட்டரிப் படத்தை ஒட்டி, கட்டெறும்பு அளவில் ஒரு சாவிப் படம். ஆண்டவரே, இன்னொரு பிள்ளையா. திங்கட்கிழமை பார்த்த அதே சாவி. திங்கட்கிழமை அதைக் கண்டதும் அவளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது, இல்லை என்று சொன்னால் பொய். எட்டாவதோடு நின்றவள், கண்ணாடி போடாமலே கண்டுபிடித்துவிட்டேனே என்று. கம்ப்யூட்டர் வாத்தியார் ஜோயல் சார்தான் சொல்லிக்கொடுத்தது. அக்கா, இந்த டேப்புக்குள்ள நாம ஒரு வேலி போட்டுருக்கோம், பாடம் மட்டுந்தான் வரும், சினிமா, விளையாட்டு, கண்ட கண்றாவி எதுவும் வராது, ஆனா வேலியத் தாண்டுறதுக்குன்னே ஒரு ஆப் இருக்கு, பிள்ளைங்க அதை ஓடவிட்டா மேல சாவி மாதிரி ஒரு படம் வரும், சாவி இருந்தா சிவப்புக் கூடை, இல்லன்னா அலமாரி, அவ்வளவுதான் உங்க வேலை. அவ்வளவுதான். மூன்று வருஷமாக அவ்வளவுதான். திங்களும் புதனும் மூன்று இருபதுக்கு ஒன்பது பி பிள்ளைகள் டேப்புகளைத் தட்டில் அடுக்கி இந்த அறையில் வைத்துவிட்டு மைதானத்துக்கு ஓடிவிடும். நாலு மணிக்குள் ஒவ்வொன்றாகத் துடைத்து, பார்த்து, சார்ஜ் ஒயரைக் குத்தி, இரும்பு அலமாரியில் நம்பர்படி சொருகிப் பூட்ட வேண்டும். டேப்பம்மா என்றுதான் பிள்ளைகள் அவளைக் கூப்பிடும். ஏலே, டேப்பம்மா வருதுல, சாவிய முழுங்கிரு என்று அவள் காதுபடவே கேலி பேசும். அவளும் சிரித்துக்கொள்வாள். வருஷத்துக்கு நாலு பேர், ஐந்து பேர் மாட்டுவார்கள், அதற்கு மேல் கிடையாது. இரண்டாவது டேப்பை எடுத்தாள். அதிலும் சாவி.

மூன்றாவதை எடுக்கிறபோது கண் தானாகப் பதினேழாம் நம்பர் சொருகிடத்துக்குப் போனது. பார்க்கக் கூடாது என்று இருந்தாள், போய்விட்டது. காலி. பதினேழு கோமதிபிரியாவுடையது, டேப் பிரின்சிபால் மேடத்தின் டிராயரில் கிடக்கிறது, பிள்ளை வீட்டில் கிடக்கிறது, காது இப்போது எப்படி இருக்கிறதோ. இந்தப் பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதில்லை. வாசலில் போர்டு எழுதியே மாட்டியிருக்கிறார்கள். அடிப்பதில்லை, அப்பனைக் கூப்பிடுவார்கள். நாங்க கைய வைக்கிறதில்ல சார், சட்டம் இருக்கு, உங்க பிள்ளை, நீங்க பாத்துக்கிடுங்க என்று சொல்லிவிட்டு மேடம் சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்ப்பார். வந்த அப்பன்மார் யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை. மேடத்தின் முன்னால் அடித்துக் காட்டினால் பிள்ளை மறுநாள் வகுப்பில் உட்காரலாம். மூன்றாவது அடி விழுந்த பிறகு மேடம் திரும்பி, போதும் சார், போதும் சார், வயசுக்கு வந்த பிள்ளை என்பார். மூன்றுக்கு முன்னால் சொல்லி அவள் கேட்டதில்லை. கதவைச் சாத்துவது புஷ்பத்தின் வேலை. அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, பக்கத்தில் ஆறாம் வகுப்பு நடக்கிறதே, சின்னப் பிள்ளைகள் பயந்துவிடுமே என்று அவளாகவே சாத்த ஆரம்பித்தாள், உள்ளே நின்றுகொண்டு. திங்கட்கிழமையும் அவள்தான் சாத்தினாள். கோமதியின் அப்பா வேல்சாமி பூ மண்டிக்கு மூட்டை ஏற்றுகிற லோடு ஆட்டோக்காரர். வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே வந்திருந்தார், சட்டையெல்லாம் பிச்சிப்பூ வாசம், அந்த வாசத்தோடுதான் முதல் அடி விழுந்தது. ஈரச் சேலையைக் கல்லில் அறைகிற சத்தம். இரண்டாவது அடியில் பிள்ளை சுழன்றது. மூன்றாவதுக்கு அவர் கையை நீட்டவில்லை, இரட்டைச் சடையைச் சேர்த்துப் பிடித்து இழுத்துப் பைல் அலமாரியில் மோதினார், அலமாரிக்குள் இருந்த கோப்பைகள் எல்லாம் ஒருதரம் கிணுகிணுத்து அடங்கின. போதும் சார். மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகி வெள்ளைச் சட்டையில் பள்ளிச் சின்னத்தின் மேல் சொட்டியது, ஒன்று, இரண்டு, அப்புறம் நிற்காமல். பிள்ளை மூக்கைத் துடைக்கவில்லை, இடது காதைப் பொத்திக்கொண்டு புஷ்பத்தைப் பார்த்தது. டேப்பம்மா, சரின்னு அமுக்கச் சொல்லி வந்துச்சு, அமுக்கினேன், வேற ஒண்ணும் பண்ணல என்றது. மேடம் புஷ்பத்தைப் பார்த்தார். அப்பனும் பார்த்தார். சாவி இருந்துச்சு மேடம், நான் என் கண்ணால பாத்தேன் என்றாள் புஷ்பம். பொய்யா சொன்னாள்? இருந்ததைத்தானே சொன்னாள். அதற்குப் பிறகும் அந்த மனுஷனுக்கு ஆறவில்லை. இவ படிச்சுக் கிழிச்சது போதும், டி.சி.ய எழுதி வைங்க, புதன்கிழமை நாலு மணிக்கு வந்து வாங்கிக்கிடுதேன், பூ மண்டியில உக்காந்து கட்டட்டும் என்று சொல்லிவிட்டு, அடிபட்ட பிள்ளையைக் கையைப் பிடித்தே கூட்டிக்கொண்டு போனார், ரோட்டைத் தாண்டுகிறபோது பத்திரமாக. தரையைத் துடைத்தது புஷ்பம். இன்றைக்குப் புதன்.

மூன்றாவதில் சாவி. நான்காவதில் சாவி. ஐந்து, ஆறு, ஏழு, பதினொன்று வரைக்கும். சிவப்புக் கூடை காய்கறிக் கூடை அளவுதான், பதினொன்றுக்கு மேல் கொள்ளாது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. மேஜை மேலேயே அடுக்க ஆரம்பித்தாள். இதென்ன, வகுப்பே சேர்ந்து வேலியைத் தாண்டிவிட்டதா. எட்டாம் நம்பர் ஜெபசீலனுடையது, சபைக்கு வருகிற பையன், ஆசீர்வாதம் சார் மகன். ஒன்பது அந்த வாய் பேசாத பிள்ளை, பேரு வரமாட்டேன் என்கிறது, தண்ணி பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரும். பத்து, வகுப்பு லீடர். இவர்களுக்கெல்லாம் அப்பன்மார் இருக்கிறார்கள். அவள் கை துடைத்துக்கொண்டிருந்தது, மனசுக்குள் அந்த வராந்தா நிறைந்துகொண்டே வந்தது. ஆபீஸ் வாசலில் இருந்து சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் அப்பன்மார் வரிசை, ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி பொறுமையாக, ஒருத்தர் பெல்ட்டைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொள்கிறார், ஒருத்தர் வாட்சைக் கழற்றிப் பைக்குள் போடுகிறார், ஒருத்தர் கடையிலிருந்து வந்தவர், எடைக்கல்லோடு வந்துவிட்டார். அண்ணாச்சி, உமக்கு எத்தனாம் நம்பர் என்று பின்னால் இருக்கிறவர் கேட்கிறார். கதவு திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது, மூடுகிறது, திறந்து மூடுவது யார், அவள்தான், நீலச் சேலையும் அடையாள அட்டையுமாக. மூன்று, மூன்று, மூன்று. தரையில் ரத்தம், கால் வழுக்குகிறது, ஒரு கடைவாய்ப் பல் உருண்டு வந்து அவள் செருப்பில் முட்டுகிறது, மேடம் காலண்டரில் அடுத்த மாசத்தைப் புரட்டுகிறார். இயேசப்பா, என் தலைக்குள்ள எதுக்கு இதையெல்லாம் காட்டுதீரு. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் சேவலைக் காலால் மிதித்துக்கொண்டு கழுத்தை அறுக்கிறவள்தான் அவள், கை நடுங்கினதே இல்லை, அன்றைக்குச் சாயங்காலமே அதே கையால் மெழுகுவர்த்தி பிடித்துப் பாடுகிறவள். கையில் என்ன இருக்கிறது என்று கைக்கா தெரியும். அந்தக் கையால் மூத்தவன் எபியை அடித்தாள். அவனுக்கு அப்போது ஒன்பது வயசு. கோயில் ஜன்னல் கண்ணாடியை உன் மகன் கல்லெறிந்து உடைத்துவிட்டான் என்று ஓய்வுநாள் பள்ளி டீச்சர் வந்து சொல்லிவிட்டுப் போனாள், இவள் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள், தோசைத் திருப்பி கையில் இருந்தது. நான் இல்லம்மா என்றான். சத்தியமா நான் இல்லம்மா என்று அவன் சொன்ன பிறகுதான் கோபம் முறுகியது, செய்ததும் இல்லாமல் சத்தியம் வேறா என்று, சூடு ஆறாத திருப்பியோடு முழங்கைக்குக் கீழே. தோல் வழன்று திருப்பியோடு வந்தது. ஒரு மாசம் கழித்து வேறொரு பையன் ஒத்துக்கொண்டான். அவள் எபியிடம் ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்குக் கறி எடுத்துச் சமைத்தாள், அவ்வளவுதான். இப்போது திருப்பூரில் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், தினமும் காலையில் போனில் வசனம் போட்ட பூப்படம் அனுப்புகிறான், முழுக்கைச் சட்டைதான் போடுகிறான், வெயில் காலத்திலும்.

பன்னிரண்டு, பதின்மூன்று, எல்லாவற்றிலும் சாவி. பதினாலில் இல்லை. அந்த ஒன்றை அலமாரியில் சொருகப் போன கை பாதியில் நின்றது. பதினாலு யாருடையது. கடைசி பெஞ்சு, பிரகதீஷ். போன வருஷம் இரண்டு தரம் மாட்டினவன், அவன் அப்பா அடித்த அடியில் மேடத்தின் பேனா ஸ்டாண்டு உடைந்தது. அவனுடையதில் இல்லையாம், ஜெபசீலனுடையதில் இருக்கிறதாம். மீதியை வேகமாகப் புரட்டினாள், சீட்டுக்கட்டைப் புரட்டுகிற மாதிரி. இருபத்திரண்டில் இல்லை. இருபத்தெட்டில், முப்பத்துமூன்றில் இல்லை. நாலும் கடைசி பெஞ்சு. மற்ற முப்பத்தொன்றிலும் சாவி. திங்கட்கிழமை கோமதி சொன்னது நினைவுக்கு வந்தது. சரின்னு அமுக்கச் சொல்லி வந்துச்சு, அமுக்கினேன். போன வெள்ளிக்கிழமை ஜோயல் சார் மதுரைக்குப் பயிற்சிக்குப் போகிற அவசரத்தில் வகுப்பு வகுப்பாக நின்று என்னமோ சொன்னார், அவள் கூட்டிக்கொண்டிருந்தாள், பாதிதான் காதில் விழுந்தது. பழைய வேலிக் கம்பெனியை நிறுத்தியாச்சு, புதுசு வருது, திங்கட்கிழமையிலருந்து ஒவ்வொரு டேப்பா கேக்கும், சரின்னு அமுக்குங்க, எவனும் வேண்டாம்னு அமுக்கக் கூடாது. அதை அவள் சாவியோடு சேர்த்து நினைக்கவே இல்லை. எதுக்கு நினைக்கப் போகிறாள், அவள் வேலை சாவியைப் பார்ப்பது. ஐந்தாம் நம்பரை எடுத்தாள், சாவி இருக்கிற டேப். பிள்ளைகள் அமுக்குகிற இடத்தை அவளும் பார்த்திருக்கிறாள், அமுக்கினாள், ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி சினிமாப் பாட்டு என்று அடித்தாள். திரை முழுக்க ஒரு சிவப்பு உள்ளங்கை வந்து நின்றது, போக்குவரத்துப் போலீஸ் கையைக் காட்டுகிற மாதிரி. மறுபடி அடித்தாள். மறுபடி உள்ளங்கை. இன்னும் மூன்று டேப்பில் அடித்தாள், சாவி இருக்கிற எல்லாவற்றிலும் உள்ளங்கை, ஒன்றுகூட உள்ளே விடவில்லை. பிறகு இருபத்தெட்டை எடுத்தாள். சாவி இல்லாதது, சுத்தமானது, அலமாரிக்குப் போக வேண்டியது. அடித்த மாத்திரத்தில் தாரை தப்பட்டையோடு பாட்டு அறை அதிர அலறியது, ஒரு பெண் இடுப்பைக் காட்டி ஆடினாள். புஷ்பம் டேப்பை மார்போடு சேர்த்து அமுக்கிச் சத்தத்தை அடக்கப் பார்த்தாள், அது அவள் எலும்புக்குள் போய் அதிர்ந்தது. அப்போ சாவிதான் புது வேலி. புது வேலியே சாவியோடுதான் வருகிறது. சரி என்று அமுக்கினவர்களுக்கெல்லாம் சாவி, வேண்டாம் என்று அமுக்கின நாலு பேருக்கு வேலியே கிடையாது. திங்கட்கிழமை வகுப்பிலேயே முதல் ஆளாகச் சொன்ன பேச்சைக் கேட்டது கோமதி. முதல் ஆளாக அதன் மண்டை அலமாரியில் மோதியது. மோதிய சத்தம் இப்போது சரியாகக் கேட்டது அவளுக்கு, திங்கட்கிழமை கோப்பைகளின் சத்தம்தான் கேட்டிருக்கிறது, இப்போது எலும்பின் சத்தம்.

மூன்று ஐம்பத்திரண்டு. முப்பத்தைந்தையும் அலமாரியில் சொருகிப் பூட்டிவிட்டுப் போய்விடலாம். யாருக்குத் தெரியப் போகிறது. வெள்ளிக்கிழமை ஜோயல் சார் வருவார், சாவி விஷயத்தைத் தானே பார்த்துச் சொல்வார், அவர் சொன்னால் மேடம் கேட்பார், இவள் சொன்னால், நீ என்ன கம்ப்யூட்டர் படிச்சியா புஷ்பம் என்பார். என் கண்ணால பாத்தேன் என்று சொன்னவளும் நீதானே என்பார். வேலையே போனாலும் போகும், போனால் எபி வீட்டில் போய் உட்கார வேண்டும், அந்தக் கையைத் தினமும் பார்த்துக்கொண்டு. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் டி.சி. போய்விடும், பிள்ளை பூ மண்டியில் நாரைக் கிழித்துக்கொண்டிருக்கும், பூ மண்டியில் ஒரு தடவை உட்கார்ந்தது எழுந்து எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறது. முழங்கால் போட்டாள், ஒயர்களுக்கு நடுவில், சிமென்ட் தரையில். ஜெபம் வரவில்லை. மூன்று வருஷத்தில் எத்தனை தடவை கதவைச் சாத்தினேன் என்று எண்ணத்தான் வந்தது, பதினாலு வரைக்கும் எண்ணினாள், அதற்கு மேல் முகங்கள் குழம்பிவிட்டன. அதில் எத்தனை பேர் நிஜமாகவே தாண்டினவர்கள், எத்தனை பேர் நான் இல்லை என்றார்கள். ஒருத்தனாவது நான் இல்லை என்று சொல்லாமல் இருந்தானா. தாண்டினால்தான் என்ன, ஒரு பாட்டுக்கு ஒரு பல்லா. எழுந்தாள். முழங்காலில் ஒயரின் அச்சு பதிந்திருந்தது. ஐந்தாம் நம்பரையும் இருபத்தெட்டையும் எடுத்துக்கொண்டு அலமாரியைப் பூட்டாமலே நடந்தாள். ஆபீஸ் வாசலில் பிச்சிப்பூ வாசம்.

வேல்சாமி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எந்த இடத்தில் கையெழுத்து என்று மேடத்திடம் கேட்டுக்கொண்டிருந்தார். கோமதி வீட்டுப் பாவாடை சட்டையில் நின்றாள், காதில் பஞ்சு, பஞ்சின் ஓரம் மஞ்சளாகக் கசிந்திருந்தது, கண்ணுக்குக் கீழே ரத்தம் கன்றி நாவல்பழ நிறம். புஷ்பம் கதவைச் சாத்தவில்லை. விரியத் திறந்து, காலால் ஒரு நாற்காலியை நகர்த்தி முட்டுக் கொடுத்தாள். என்ன புஷ்பம் என்றார் மேடம். அவள் இரண்டு டேப்பையும் மேஜையில் வைத்து ஒற்றை விரலால் அடித்தாள். சாவி இருக்கிறதில் சிவப்பு உள்ளங்கை. சாவி இல்லாததில் பாட்டு. பக்கத்து ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது கேட்டது. புஷ்பம் சொல்லி முடித்தாள், எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை, வேலி, புது வேலி, முப்பத்தொன்று, நாலு, சரி, வேண்டாம். மேடத்தின் முகத்தில் ஒன்று வந்து போனது, உடனே துடைத்தாற்போல் ஆகிவிட்டது. சிஸ்டத்துல ஏதோ கோளாறு போலருக்கு, நான் ஜோயல் சார்கிட்ட பேசிக்கிடுதேன், நீ வெளிய இரு என்றார். வேல்சாமிக்கு அது மெதுவாகத்தான் ஏறியது. பேனாவின் மூடியைப் போட்டார், கழற்றினார், போட்டார்.

"அப்ப இவ தாண்டலியா?"

"தாண்டல அண்ணாச்சி. சொன்ன பேச்சக் கேட்டதுல வகுப்புலயே இவதான் முதல் ஆளு."

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. மேடத்தைப் பார்த்தார், மேடத்தை ஒன்றும் செய்ய முடியாது. புஷ்பத்தைப் பார்த்தார், பொம்பளை, வயசானவள். அந்த அவமானம் போக ஓர் இடம் தேடி அறையைச் சுற்றி வந்து கடைசியில் வழக்கமான இடத்தில் போய் நிற்பதை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

"ஏட்டி, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? அன்னைக்கே சொல்லத் தெரியாது ஒனக்கு?" என்று கை ஓங்கியது.

அது இறங்கவில்லை. புஷ்பம் யோசித்துச் செய்யவில்லை, ஜெபித்தும் செய்யவில்லை. மேஜையிலிருந்து அவள் கைக்கு வந்த இருபத்தெட்டாம் நம்பர் டேப்பின் விளிம்பு அவர் மணிக்கட்டு எலும்பில் இறங்கியது, மறுபடி இறங்கியது, மூன்றாவது தடவை இறங்கியபோது திரை விரிசல் விட்டு அவள் உள்ளங்கையைக் கிழித்தது, பாட்டு மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டிருந்தது. மூன்று என்று அவளே எண்ணியதுதான் பிறகு யோசிக்கிறபோது அவளுக்கு அசிங்கமாக இருந்தது. வேல்சாமி கையைக் கவட்டுக்குள் இடுக்கிக்கொண்டு குனிந்துவிட்டார். போதும் என்று மேடம் சொல்லவில்லை, எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார்.

"சொன்னா," என்றாள் புஷ்பம். மூச்சு வாங்கியது. "அன்னைக்கே சொன்னா, இந்த இடத்துல நின்னு. உமக்கும் கேக்கல, எனக்கும் கேக்கல."

வாசலில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், கதவு திறந்துதான் இருந்தது. மேடம் கையை நீட்டி டி.சி. தாளைத் தன் பக்கம் இழுத்து, டிராயருக்குள் போட்டு மூடினார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் புஷ்பம் கோமதி பக்கம் திரும்பினாள். வாம்மா, ஒண்ணுமில்ல, வா என்று சொல்ல நினைத்துக் கையை நீட்டினாள், ரத்தம் முழங்கை வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது, டேப் இன்னும் அந்தக் கையில்தான் இருந்தது. கோமதி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு மூலையில் ஒண்டினாள். அப்பனை அவள் பார்க்கவே இல்லை. விரல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது புஷ்பத்தின் கையை.